தூரம் எப்படித் தெரிகிறது? கண்ணாடி மேசையில் திரும்பத் திரும்ப வந்த கேள்விகள்

சேலத்தில் கண் பரிசோதித்துக் கண்ணாடிக்கு எழுதிக் கொடுக்கும் வேலையில் இருபத்திரண்டு வருடமாக இருக்கிறேன். ஏற்காட்டு எஸ்டேட் குடியிருப்புகளுக்கும் முகாமுக்குப் போவதுண்டு. எழுத்துப் பலகையை வாசித்து முடித்தபிறகும் நாற்காலியை விட்டு எழாமல் ஆட்கள் கேட்கும் சந்தேகங்களில் பாதி தூரத்தைப் பற்றியது. படியில் கால் தவறுகிறது, ஊசியில் நூல் நுழையவில்லை, எதிரே வரும் வண்டி கிட்டவா எட்டவா என்று பிடிபடவில்லை. ஆறு மீட்டரில் வைத்த பலகை இதைத் தொடுவதே இல்லை. அதனால்தான் இதை எழுதி வைத்தேன். கேள்விகள் கேட்டவர்களின் வார்த்தையிலேயே இருக்கின்றன. ஒருமுறை சொன்னதை மறுபடி சொல்லவில்லை. மேலிருந்து படித்து வந்தால் நல்லது.

தூரத்தைக் கண்ணு எப்படிங்க அளக்குது? உள்ள டேப் மாதிரி ஏதாச்சும் இருக்குதா?

இல்லைங்க. கண்ணுக்குள் விழித்திரையில் விழுவது தட்டையான ஒரு படம். பத்தடியில் நிற்கும் ஆட்டுக்குட்டியும் முப்பதடியில் நிற்கும் பசுவும் அதில் ஒரே உயரத்துக்கு விழும். எது கிட்ட, எது எட்ட என்று அந்தப் படத்தில் எங்கும் எழுதியிருக்காது. மூளை பல துப்புகளைச் சேர்த்து ஊகிக்கிறது. அந்த ஊகம் கண் இமைப்பதற்குள் முடிந்துவிடுவதால் நமக்குத் தூரத்தையே நேராகப் பார்த்ததுபோல் இருக்கிறது.

சில துப்புகளை இரண்டு கண்ணும் சேர்ந்தால்தான் தர முடியும். சிலவற்றுக்கு ஒற்றைக் கண் போதும். சில, நாம் நகர்ந்தால்தான் கிடைக்கும். கீழே வரும் சந்தேகங்களில் பெரும்பாலானவற்றுக்கு விடை, அந்த நேரத்தில் எந்தத் துப்பு கையை விட்டுப் போனது என்பதில்தான் இருக்கிறது.

ஒரு கண்ணை மூடிட்டுப் பாத்தாலும் எல்லாம் அதே மாதிரிதான தெரியுது? அப்புறம் ரெண்டு கண்ணு எதுக்கு?

பேனாவை எதிரில் உட்கார்ந்திருப்பவர் கையில் நேராக நிறுத்திப் பிடிக்கச் சொல்லுங்கள். மூடியை நீங்கள் எடுத்துக்கொண்டு, ஒரு கண்ணை மூடி, கையைப் பக்கவாட்டிலிருந்து கொண்டுபோய் ஒரே வீச்சில் மாட்டிப் பாருங்கள். முதல் தடவை பெரும்பாலும் முன்னாலோ பின்னாலோ தவறும். இரண்டு கண்ணையும் திறந்தால் நேராக உட்காரும். பேனா உங்கள் கையிலேயே இருந்தால் சோதனை செல்லாது. கை எங்கே இருக்கிறது என்று உடம்புக்குத் தெரியும். கண்ணைக் கட்டினாலும் மாட்டிவிடுவீர்கள்.

பெரியவர்களுக்கு இரண்டு கருவிழிக்கும் நடுவே சுமார் ஆறு சென்டிமீட்டர் இடைவெளி. அதனால் இரண்டு கண்ணிலும் விழும் படம் கொஞ்சம் வேறுபடும். கட்டைவிரலை நீட்டி ஜன்னல் கம்பிக்கு நேராகப் பிடித்துக் கண்ணை மாற்றி மாற்றி மூடினால் விரல் தாவும். கிட்ட இருப்பது அதிகம் தாவும், எட்ட இருப்பது குறைவாகத் தாவும். இந்த வித்தியாசத்தைத்தான் மூளை ஆழமாக மாற்றுகிறது. 1838-இல் சார்லஸ் வீட்ஸ்டன் என்ற இங்கிலாந்து அறிவியலாளர் இதை நிரூபித்தார். இரண்டு கண்ணுக்கும் சற்றே வேறுபட்ட இரண்டு கோட்டுப் படங்களைக் கண்ணாடிகள் வழியே தனித்தனியாகக் காட்டினார். தாளில் தட்டையாகக் கிடந்த கோடுகள் கனமுள்ள பொருளாக எழுந்து நின்றன.

இந்த ரெண்டு கண்ணு கணக்கு எவ்வளவு தூரம் வரைக்கும் செல்லும்ங்க?

செவ்வாய்ப்பேட்டையில் கொலுசு செய்யும் ஒருவர் கேட்டது. அவர் வேலைக்கு இதைவிட முக்கியமான கேள்வி கிடையாது. பார்வை நன்றாக உள்ள ஒருவருக்கு, அரை மீட்டரில் இரண்டு பொருள் அரை மில்லிமீட்டர் முன்பின் இருந்தாலே தெரிந்துவிடும். கொலுசுக் கண்ணியின் இரண்டு முனையும் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்கிறதா, நேருக்கு நேர் சேர்ந்திருக்கிறதா என்று பற்றவைக்கும் முன் பார்க்கிறாரே, அந்த அளவு. பத்து மீட்டரில் பதினைந்து சென்டிமீட்டராவது வித்தியாசம் வேண்டும். நூறு மீட்டரில் பதினைந்து மீட்டர் வேண்டும். தூரம் பத்து மடங்கானால் துல்லியம் நூறில் ஒரு பங்காகிறது, கவனித்தீர்களா? அரை கிலோமீட்டரைத் தாண்டினால் அநேகமாக ஒன்றும் மிச்சமில்லை. ஏற்காட்டு மலைமேல் தெரியும் இரண்டு பாறைகளில் எது முன்னால் என்பதை அடிவாரத்திலிருந்து பார்க்க ஒற்றைக் கண்ணும் ஒன்றுதான், இரட்டைக் கண்ணும் ஒன்றுதான்.

கிட்டப் பார்க்கும்போது இரண்டு கண்ணும் மூக்குப் பக்கம் திரும்புவதும், உள்ளே லென்ஸ் உப்புவதும் மூளைக்குச் செய்தியாகப் போகின்றன. இவை ஓரிரு மீட்டருக்குள் மட்டும் பயன்படும்.

அப்போ போட்டோவுல எப்படி முன்ன பின்ன தெரியுது? அது வெறும் காகிதம்தானுங்களே?

ஏற்காடு ஏரிக்கரையில் எடுத்த ஒரு படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். படகு கரையின் ஒரு பகுதியை மறைக்கிறது. எனவே படகு முன்னால். இந்த மறைப்புதான் எல்லாத் துப்பிலும் உறுதியானது, ஆனால் எவ்வளவு முன்னால் என்று சொல்லாது. கரையில் நிற்பவர்களில் ஒருவர் பெருவிரல் அளவு, இன்னொருவர் அரிசி அளவு. ஆள் உயரம் நமக்குத் தெரியும் என்பதால் அரிசி அளவுக்காரர் எட்ட இருக்கிறார். தரையில் நிற்பவற்றில் படத்தின் மேல்பக்கம், அடிவானத்துக்கு அருகில் இருப்பது தூரம். கிட்ட இருக்கும் புல் ஒவ்வொரு இதழாகத் தெரியும், எட்டப் போகப் போகப் பச்சைப் பூச்சாகிவிடும். பாதையின் இரண்டு ஓரமும் போய் ஒரு புள்ளியில் சேரும். இவை எல்லாமே ஒற்றைக் கண் துப்புகள். அதனால்தான் காகிதத்திலும் வேலை செய்கின்றன.

இவற்றை ஏமாற்றுவதும் சுலபம். சூரியனை உள்ளங்கையில் தாங்குவதுபோல் எடுக்கும் படங்களில் மறைப்பையும் அளவையும் சொல்லி வைத்தாற்போல் பொருத்திவிடுகிறார்கள். நேரில் நின்று பார்த்தால் நீங்கள் ஒரு கணம்கூட ஏமாற மாட்டீர்கள், ஏனென்றால் தலை அசையும்.

மழ பேஞ்சு வெளுத்தா ஏற்காடு மலை பக்கத்துல வந்து நின்னாப்ல தெரியுதே, ஏங்க?

அஸ்தம்பட்டியிலிருந்தும் கோரிமேட்டிலிருந்தும் வருகிற ஒவ்வொரு ஆளும் இதைப் பார்த்திருக்கிறார். எனக்கும் பிடித்த கேள்வி. நமக்கும் மலைக்கும் நடுவில் காற்று இருக்கிறது, காற்றில் தூசியும் புகையும் ஈரமும் மிதக்கின்றன. இவை ஒளியைச் சிதறடிப்பதால் தூரத்து மலை வெளிறி, நீலம் பூத்து, ஓரங்கள் மங்கித் தெரியும். எவ்வளவு மங்கலோ அவ்வளவு தூரம் என்று மூளை பழகி வைத்திருக்கிறது. சித்திரை வெயிலில் சேர்வராயன் மலை ஒரு சாம்பல் நிழலாக இருக்கும். நல்ல மழை தூசியைக் கழுவி இறக்கிய மறுநாள் காலையில் பாறை வெடிப்பு, மரத்தின் பச்சை, மலைப்பாதையில் ஏறும் பஸ் கண்ணாடியின் மின்னல் எல்லாம் தெரியும். மலை நகரவில்லை. மங்கல் போய்விட்டது, மூளை பழைய கணக்குப்படி தூரத்தைக் குறைத்துவிடுகிறது.

ரயில்ல போறப்போ கம்பமெல்லாம் பின்னாடி ஓடுது, மலையும் நிலாவும் மட்டும் ஏன் நம்மகூடவே வருது?

கேட்டது ஐந்தாம் வகுப்புப் பெண். நாம் நகரும்போது கிட்ட இருக்கும் பொருள் கண்ணில் வேகமாக இடம் மாறும், எட்ட இருப்பது மெதுவாக மாறும். சேலத்திலிருந்து ஈரோட்டு ரயிலில் போனால் தண்டவாள ஓரத்துக் கம்பம் பறக்கும், தென்னந்தோப்பு நடந்து போகும், கஞ்சமலை நின்று நிதானமாகத் திரும்பும். நிலா சுமார் 3,84,000 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது; நாம் ஈரோடு போய்ச் சேர்ந்தாலும் அது இருக்கும் திசை நம் கணக்கில் மாறுவதே இல்லை. திசை மாறாத பொருள் கூட வருவதாகத்தான் படும்.

நான் நகர்ந்தால்தான் கிடைக்கும் துப்பு என்று முதலில் சொன்னேனே, இதுதான். ஒற்றைக் கண்ணுள்ளவருக்கு இது பெரிய சொத்து. பூனை தாவும் முன் தலையை ஏற்றி இறக்குவதும், ஆந்தை தலையை வட்டமாக ஆட்டுவதும் இதற்காகத்தான். ஆடு, மாடுகளுக்குக் கண் பக்கவாட்டில் இருக்கும். சுற்றிலும் ஆபத்து பார்க்க அது வசதி, ஆனால் இரண்டு கண்ணும் சேர்ந்து பார்க்கும் பரப்பு குறைவு. கும்பிடுபூச்சிக்கு இரண்டு கண் ஆழப்பார்வை உண்டு. இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழகத்தில் அதற்குக் குட்டிக் கண்ணாடி ஒட்டி, திரையில் படம் காட்டிச் சோதித்திருக்கிறார்கள். திரையில் காட்டிய இரை பக்கத்தில் மிதப்பதாக எண்ணி அது கையை வீசிப் பிடிக்கப் பார்த்தது.

பௌர்ணமி நிலா உதிக்கறப்போ அண்டா மாதிரி இருக்கு, உச்சிக்கு வந்தா சின்னதாயிடுது. கிட்ட வந்துட்டுப் போகுதா?

இல்லை. கையை நீட்டிச் சுண்டுவிரலால் மறைத்துப் பாருங்கள். ஜருகுமலைப் பக்கம் கிளம்பும்போதும் அதே விரல் மறைக்கும், நடுராத்திரியில் தலைக்கு மேலும் மறைக்கும். இரண்டு வேளையும் அது அரை டிகிரி அகலம்தான். காகிதத்தைக் குழலாகச் சுருட்டி, மலையும் மரமும் தெரியாமல் நிலாவை மட்டும் பார்த்தால் அண்டா அங்கேயே சுருங்கிவிடும். மலை, மரம், வீடு என்று துப்புகள் நிறைந்த பக்கத்தில் நிலா வெகுதூரம் என்று மூளை எடுத்துக்கொண்டு, அவ்வளவு தூரத்தில் இவ்வளவு தெரிந்தால் பெரிதாகத்தான் இருக்கும் என்று முடிவு கட்டுகிறது என்பது பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். ஆய்வாளர்கள் இன்னமும் வாதாடிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

மலைப்பாதையில பனி இறங்கிட்டா முன்னாடி போற வண்டி திடீர்னு மூஞ்சிக்கு நேரா வந்துடுதுங்க. பிரேக்குல கோளாறா?

பிரேக்கையும் பாருங்கள். ஆனால் முதல் கோளாறு ஊகத்தில். மழைக்கு அப்புறம் மலை கிட்ட வந்த கதையைத் தலைகீழாகத் திருப்பினால் இதுதான். மூட்டத்தில் பத்து மீட்டரில் இருக்கும் வண்டியும் வெளிறித் தெரியும். வெளிறினால் தூரம் என்று மூளை சொல்லும். அதோடு தரை, ஓரக்கல், மரம் எல்லாம் மறைந்துவிடுவதால் ஒப்பிட வேறெதுவும் இல்லை. பின்விளக்குகள் இரண்டு மட்டும் மிஞ்சும். அவற்றின் இடைவெளியை வைத்துத்தான் தூரம் பார்க்க வேண்டும். வண்டி அகலம் தெரியாதபோது அதுவும் நம்பத் தக்கதில்லை.

சேலத்திலிருந்து ஏறும் பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள். பனியில், உங்கள் கண் சொல்லும் தூரத்தில் பாதிதான் உண்மை என்று வைத்துக்கொண்டு ஓட்டுங்கள். இது என் சொந்தக் கணக்கு. மிகைப்படுத்தித்தான் சொல்கிறேன், மிகையாக இருப்பதில் நஷ்டமில்லை. ஹை பீம் போடாதீர்கள். அந்த வெளிச்சம் பனித்துளியில் பட்டுத் திரும்பி உங்கள் கண்ணிலேயே விழுந்து, மிச்சமிருக்கும் துப்பையும் அழிக்கும்.

எதிர்ல பஸ்ஸு வந்தா நின்னுக்கறோம், பைக் வந்தா ஓவர்டேக் எடுத்துடறோம். பைக்குதான் கடைசில இடிக்குது. ஏன் சார்?

லாரி ஓட்டும் அண்ணன்கள் இதை என்னிடம் பலமுறை கேட்டிருக்கிறார்கள். ஒரு பொருள் நம்மை நோக்கி வரும்போது கண்ணில் விழும் அதன் படம் பெரிதாகிக்கொண்டே போகும். எவ்வளவு வேகமாகப் பெரிதாகிறது என்பதை வைத்து எப்போது வந்து சேரும் என்று மூளை கணிக்கிறது. பஸ் அகலமானது, விரிவது கண்ணில் படும். பைக் ஒல்லி, கடைசி சில நொடி வரை பெரிதானதே தெரியாது, பிறகு சட்டென்று விரியும். பெரிய பொருள் தூரத்தில் வந்தாலும் சிறிய பொருள் கிட்டத்தில் வந்தாலும், பெரியதுதான் முதலில் வந்து சேரும் என்று மனிதர்கள் தீர்மானிப்பதைப் பரிசோதனைகளில் கண்டிருக்கிறார்கள்.

இரவில் இதன் இன்னொரு முகம் உண்டு. ஒரு ஹெட்லைட் எரியாத லாரி தூரத்துப் பைக் போலவே தெரியும். ஒற்றை விளக்கைக் கண்டால் அதற்கு இப்பால், உங்கள் பக்கமாக இன்னும் நான்கடி வண்டி இருக்கலாம் என்று எண்ணி ஒதுங்குங்கள்.

வளைவுல வச்சிருக்கற ரவுண்டு கண்ணாடியில வண்டி தூரமாத் தெரியுது, திரும்பினா பக்கத்துல நிக்குது?

அது குவியாடி. அதிகப் பரப்பைக் காட்டுவதற்காகப் படத்தைச் சுருக்குகிறது. சிறிதாகத் தெரிந்தால் தூரம் என்ற அதே பழைய கணக்கு. வண்டி வருகிறதா இல்லையா என்பதற்கு மட்டும் அதை நம்புங்கள். எவ்வளவு தூரம் என்பதற்கு வேண்டாம். உங்கள் பக்கக் கண்ணாடியும் குவியாடியாக இருந்தால் இதே விதிதான்.

ஏற்காட்டுல லேடீஸ் சீட் வியூ பாயின்ட்ல நின்னு கீழ பாத்தா பாதாளம் மாதிரி இருக்கு. கீழிருந்து பாத்தா அவ்வளவு உசரம் தெரியலையே?

உயரத்திலிருந்து கீழே பார்க்கும்போது தூரத்தை உள்ளதைவிட அதிகமாகவே மதிப்பிடுகிறோம். பயம் கூடக் கூட மதிப்பீடும் கூடுகிறது. சரிவு விஷயத்திலும் இப்படித்தான். அமெரிக்காவில் டென்னிஸ் பிராஃபிட் என்ற உளவியலாளர் குழு 1995-இல் வெளியிட்ட ஆய்வில், உண்மையில் 5 டிகிரி மட்டும் சாய்ந்த மேட்டைப் பார்த்தவர்கள் சராசரியாக 20 டிகிரி என்றார்கள். ஆனால் அதே ஆட்களைப் பார்க்காமல் உள்ளங்கையால் ஒரு பலகையைச் சாய்த்துக் காட்டச் சொன்னபோது கிட்டத்தட்டச் சரியாகச் சாய்த்தார்கள். வாய் சொல்லும் அளவு வேறு, காலும் கையும் வைத்திருக்கும் அளவு வேறு. மலையேறிப் பழகிய எஸ்டேட் பெண்கள் கூடை சுமந்து அந்தச் சரிவில் கால் பிசகாமல் இறங்குவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த ஆய்வு நினைவுக்கு வரும்.

குழந்தைக்கு எப்ப இருந்து ஆழம் தெரியும்? எங்க பாப்பா கட்டில்ல இருந்து விழுந்துட்டே இருக்கா.

இரண்டு கண் ஆழப்பார்வை சுமார் நான்கு மாத வயதில் முளைக்கிறது. 1960-இல் எலினார் கிப்சன், ரிச்சர்ட் வாக் இருவரும் மேசைமேல் கெட்டிக் கண்ணாடி போட்டு, ஒரு பாதியில் கண்ணாடிக்கு ஒட்டியும் மறு பாதியில் நாலடிக்குக் கீழேயும் கட்டம் போட்ட துணி விரித்தார்கள். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைகளை அம்மா அந்தப் பக்கமிருந்து கூப்பிட்டும், பெரும்பாலான குழந்தைகள் பள்ளமாகத் தெரிந்த பக்கம் தவழவில்லை. ஆக, உங்கள் பாப்பாவுக்குப் பள்ளம் தெரியும் வயதாக இருக்கலாம். தெரிந்தும் உருளுவாள், எட்டி எடுக்கப் பார்ப்பாள், உடம்பைப் பிடித்து நிறுத்தத் தெரியாமல் விழுவாள். கட்டிலுக்குத் தடுப்பு வையுங்கள். பார்வைக் கோளாறு என்று இதைமட்டும் வைத்துப் பயப்பட வேண்டாம்.

மாறுகண்ணு அதிர்ஷ்டம்னு பெரியவங்க சொல்றாங்க, பொண்ணுக்கு அஞ்சு வயசு. பெருசானா தானா சரியாயிடும்தானே?

இந்த ஒரு கேள்விக்காகத்தான் இந்தப் பக்கத்தையே எழுதினேன் என்றாலும் தவறில்லை. தயவுசெய்து காத்திருக்காதீர்கள், அக்கா. இரண்டு கண்ணும் ஒரே இடத்தைப் பார்த்தால்தான் மேலே சொன்ன ஆறு சென்டிமீட்டர் வித்தியாசம் பயன்படும். ஒரு கண் விலகிப் பார்த்தால் மூளைக்கு இரண்டு வெவ்வேறு படம் வருகிறது. குழந்தையின் மூளை அந்தக் குழப்பத்தைத் தாங்க முடியாமல் விலகிய கண்ணின் படத்தை ஒதுக்கிவிடும். ஒதுக்கி ஒதுக்கி அந்தக் கண்ணுக்கான நரம்பு வேலையே வளராமல் போகும். இதைத்தான் சோம்பல் கண் என்கிறோம். ஹியூபல், வீசல் என்ற இருவர் பூனைக்குட்டிகளின் ஒரு கண்ணை ஆரம்ப வாரங்களில் மூடி வைத்து, பிறகு திறந்தாலும் மூளை அந்தக் கண்ணை ஏற்பதில்லை என்று காட்டினார்கள். பார்வை பற்றிய அவர்கள் ஆய்வுகளுக்கு 1981-இல் நோபல் பரிசு கிடைத்தது.

பிறந்து நான்கு மாதம் வரை கண் அவ்வப்போது விலகுவது சகஜம். மூக்குத்தண்டு அகலமான குழந்தைகளுக்கு விலகாத கண்ணும் விலகியதுபோல் தோன்றும். மற்றபடி எப்போது கண்டாலும் கண் மருத்துவரிடம் உடனே காட்ட வேண்டும். பலருக்குக் கண்ணாடியிலேயே நேராகிவிடும். சிலருக்கு நல்ல கண்ணைத் தினமும் சில மணி நேரம் மூடி ஒட்ட வேண்டும். சிலருக்கு அறுவை சிகிச்சை. ஏழு வயதுக்குள் தொடங்கினால் பலன் அதிகம், பிறகும் முயலலாம். பார்வையில் அதிர்ஷ்டம் என்று ஒன்று இருக்குமானால் அது சீக்கிரம் கண்டுபிடிக்கப்படுவதுதான்.

எனக்கு முப்பத்தஞ்சு வயசு, சின்னதுல இருந்தே மாறுகண். 3டி படம் எனக்கு மட்டும் தட்டையாத்தான் தெரியுது. இனி ஒண்ணும் பண்ண முடியாதா?

3டி படம் இரண்டு கண்ணுக்கும் வேறு வேறு படம் அனுப்புவதை மட்டுமே நம்பியிருக்கிறது. உங்கள் மூளை ஒன்றை ஒதுக்குவதால் தட்டையாகத் தெரிகிறது. ஆனால் தெருவில் நடக்க, வண்டி ஓட்ட, ஏணி ஏற நீங்கள் ஏரிக்கரைப் படத்திலும் ரயில் ஜன்னலிலும் பார்த்த துப்புகளால் சமாளித்து வந்திருக்கிறீர்கள்.

முடியவே முடியாது என்றுதான் நாங்கள் படித்தோம். அமெரிக்க நரம்பியல் விஞ்ஞானி சூசன் பாரி அந்த எண்ணத்தை அசைத்தார். கைக்குழந்தையிலிருந்து மாறுகண், சிறுவயதில் அறுவை சிகிச்சைகள், கண்கள் பார்க்க நேரானபிறகும் ஆழப்பார்வை இல்லை. 48-ஆவது வயதில் பயிற்சி செய்து முதல்முறையாக அதைப் பெற்றார். காரின் ஸ்டியரிங் தனக்கும் டேஷ்போர்டுக்கும் நடுவில் வெற்றிடத்தில் நிற்பதைக் கண்டு திகைத்துப் போனார். எல்லாருக்கும் இது வாய்க்கும் என்று நான் சொல்ல மாட்டேன். ஒருமுறை முறையாகச் சோதித்துக்கொள்ளத் தகுந்த காரணம் இது.

வீட்லயே ரெண்டு கண்ணும் சேர்ந்து வேலை செய்யுதான்னு பாக்க முடியுமா?

முடியும், மருத்துவச் சோதனைக்கு மாற்றாக இல்லை. ஒரு சுட்டுவிரலை முகத்துக்கு நேரே ஒரு சாண் தூரத்திலும், மற்றதை அதற்குப் பின்னால் கை நீளத்திலும் நிறுத்துங்கள். கிட்ட உள்ள விரலை உற்றுப் பார்த்தால் பின்விரல் இரண்டாகத் தெரிய வேண்டும். பின்விரலைப் பார்த்தால் முன்விரல் இரண்டாக வேண்டும். எப்போதும் ஒன்றாகவே தெரிந்தால் ஒரு கண்ணின் படம் ஒதுக்கப்படுகிறது என்று சந்தேகிக்கலாம். இரண்டாகத் தெரிவது நோய் என்று பயந்து வந்தவர்கள் உண்டு; இங்கே அது ஆரோக்கியம்.

எங்களிடம் வந்தால் 3டி படத்துக்குப் போடுவதுபோன்ற துருவக் கண்ணாடி மாட்டி ஈயின் படம் ஒன்றைக் காட்டுவோம். ஆழப்பார்வை உள்ள குழந்தை, தாளைத் தொடாமல் அந்தரத்தில் இறக்கையைப் பிடிக்கப் பார்க்கும். பெற்றோர் முகம் மலர்வதைப் பார்க்க எனக்குப் பிடித்த சோதனை இது.

ஒரு கண்ணுல மட்டும் பொரை. மத்தது நல்லாத்தானே இருக்கு, அவசரம் என்ன?

அம்மாப்பேட்டையில் தறி நெய்த என் அப்பா இதையேதான் சொன்னார். வலக் கண்ணால் பேப்பர் முழுக்கப் படிப்பார். அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ஒருநாள் சொம்பிலிருந்து காபியை டம்ளரில் ஊற்றினார். காபி டம்ளர் விளிம்புக்கு ஒரு விரல் இப்பால் தரையில் விழுந்துகொண்டே இருந்தது, அவர் நிறுத்தவில்லை. உள்ளே போகிறது என்றே நினைத்திருந்தார். அறுந்த பாவு இழையை முடிபோடக் கொஞ்ச நாளாகவே பக்கத்துத் தறிக்காரரைக் கூப்பிட்டு வந்ததை அதற்கப்புறம்தான் அம்மா சொன்னார். இடக் கண்ணுக்கு அறுவை முடிந்த பிறகு இழையை அவரே பிடித்தார்.

இன்னொன்றும் நடக்கும். மூன்றடி நூலில் ஒரு சலங்கையைக் கட்டித் தொங்கவிட்டு, இடமும் வலமுமாக நேர்கோட்டில் ஆடவிடுங்கள். ஆறடி தள்ளி நின்று, வலக் கண்ணுக்கு மட்டும் கறுப்புக் கண்ணாடி வைத்து, இரண்டு கண்ணும் திறந்தபடி பாருங்கள். சலங்கை வட்டம் போடும்: வலப்பக்கம் போகும்போது உங்களை நெருங்கி, இடப்பக்கம் திரும்பும்போது விலகி. மங்கலான கண்ணிலிருந்து மூளைக்குச் செய்தி சிறிது தாமதமாகப் போவதால் அந்தக் கண் சலங்கையின் பழைய இடத்தைக் காட்டுகிறது. அந்த வேறுபாட்டை மூளை ஆழம் என்று படிக்கிறது. 1922-இல் இதை விளக்கிய கார்ல் புல்ஃப்ரிக் ஒரு கண் பார்வையை இழந்தவர், இந்தக் காட்சியை அவரால் பார்க்கவே முடிந்ததில்லை. ஒரு கண்ணில் மட்டும் புரை இருந்தால் சாலையைக் குறுக்கே கடக்கும் வண்டிகள் இப்படி இடம் மாறித் தெரியலாம்.

புதுக் கண்ணாடி போட்டா தரை மேடாவும் படி பள்ளமாவும் தெரியுது. பவர் தப்பா எழுதிட்டீங்களா?

இருக்கலாம், வந்து சரிபாருங்கள். பெரும்பாலும் காரணம் வேறு. பிளஸ் பவர் பொருளைப் பெரிதாக்கும், மைனஸ் பவர் சிறிதாக்கும். சிலிண்டர் பவர் ஒரு திசையில் மட்டும் இழுப்பதால் தரை சாய்ந்ததுபோல் இருக்கும். மூளை புதுக் கணக்குக்குப் பழக ஒன்று இரண்டு வாரம் கேட்கும், அதுவரை விட்டுவிட்டுப் போடாமல் தொடர்ந்து போடுங்கள். அதற்குமேலும் நீடித்தாலோ தலைவலி வந்தாலோ, லென்ஸின் மையம் உங்கள் கருவிழிக்கு நேராக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

படி விஷயம் தனி. இரட்டைக் கண்ணாடியின் கீழ்ப்பாதி நாற்பது சென்டிமீட்டரில் படிப்பதற்கானது. படி இருப்பதோ ஒன்றரை மீட்டரில். குனியாமல் கண்ணை மட்டும் தாழ்த்தினால் படியின் விளிம்பு கலங்கி, கோட்டைத் தாண்டும்போது குதிக்கும். இறங்கும்போது முகவாயைத் தாழ்த்தி மேல்பாதி வழியாகப் பாருங்கள். வயதானவர்களுக்கு வெளியே நடக்கத் தூரப் பார்வைக் கண்ணாடி ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். செலவுதான், ஆனால் இடுப்பு எலும்பு முறிவைவிடக் குறைவு. வீட்டுப் படி விளிம்பில் மஞ்சள் பெயின்டால் ஒரு கோடு இழுத்தால் அதுவே பாதி வைத்தியம்.

பட்டறையில தெறிச்சு ஒரு கண்ணு போயிடுச்சு. இனி பழைய வேலை பாக்க முடியுமாங்க?

முதல் சில வாரங்கள் கடினம். கதவு நிலையில் தோள் இடிக்கும், கை குலுக்க நீட்டினால் காற்றில் போகும். பிறகு மூளை மற்ற துப்புகளுக்கு அதிக மதிப்பு கொடுக்கக் கற்கும்; பெரும்பாலானவர்கள் சில மாதங்களில் தேறிவிடுகிறார்கள். ஊற்றும்போது சொம்பு மூக்கை டம்ளர் விளிம்பில் தொட வையுங்கள். கிட்டத்து வேலையில் தலையைச் சிறிது இடவலமாக அசைத்துப் பாருங்கள், ரயில் ஜன்னல் துப்பு கையளவில் கிடைக்கும். இழந்த கண் பக்கம் பார்வைப் பரப்பும் குறைந்திருக்கும். சாலையில் அந்தப் பக்கம் தலையையே திருப்ப வேண்டும். மிச்சமுள்ள கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் பட்டறைக்குள் நுழையாதீர்கள்.

மன்சூர் அலி கான் பட்டோடி 1961-இல் கார் விபத்தில் வலக் கண் பார்வையை இழந்தார். அதே வருடம் டிசம்பரில் இந்தியாவுக்காக முதல் டெஸ்ட் ஆடினார், அடுத்த வருடம் இருபத்தோரு வயதில் கேப்டன் ஆனார். வேகப்பந்தைப் பார்த்து ஆடுவதைவிடத் தூரம் முக்கியமான வேலை சொல்லுங்கள். கண்ணி பற்றவைக்கும் வேலைக்கு மட்டும் நான் வேறு பதில் சொல்வேன்: மேலே கண்ட அரை மில்லிமீட்டர் துல்லியம் முழுமையாகத் திரும்பாது. மெருகு, சலங்கை கோத்தல் போன்றவற்றுக்கு மாறிக்கொண்டவர்களை எனக்குத் தெரியும்.

ரெண்டு கண்ணும் 6/6னு எழுதியிருக்காங்க. ஆனா ஒரு வாரமா படியும் டம்ளரும் தப்புது, எல்லாம் ரெண்டா வேற தெரியுது?

தனித்தனியாக 6/6 என்பது ஒவ்வொரு கண்ணும் எழுத்தைப் படிக்கிறது என்று மட்டும் சொல்கிறது. இரண்டும் ஒரே இடத்தை நோக்குகின்றனவா என்பது வேறு சோதனை. ஒரு கண்ணை மூடினால் இரட்டை மறைந்துவிடுகிறதா? அப்படியானால் கண்ணைத் திருப்பும் தசையிலோ அதற்கான நரம்பிலோ புதிதாக ஏதோ நடந்திருக்கிறது. கட்டுப்படாத சர்க்கரை, இரத்த அழுத்தம், மூளையில் இரத்தக்குழாய் அடைப்பு என்று காரணங்கள் பல. இதற்குக் கண்ணாடிக் கடையில் வரிசையில் நிற்காதீர்கள். என்னிடம் இப்படி வருபவர்களை நான் பரிசோதனை நாற்காலியில் உட்கார வைப்பதில்லை. ஆட்டோ பிடித்து அன்றைக்கே அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனைக்கோ, நரம்பியல் மருத்துவர் இருக்கும் வேறு மருத்துவமனைக்கோ அனுப்பிவிடுகிறேன். கூட ஒருவர் போக வேண்டும். படியிறங்கும்போது அவர் கையைப் பிடித்துக்கொள்ளட்டும், வழியில் நோயாளி வண்டி ஓட்டக் கூடாது.